லென்ஸுக்கு இடப்பக்கம்

பிற்பகல் மூன்றேகாலுக்கு டேன் ஹாலரன் அழுது முடித்தான்.

"கட்!" என்றார் இயக்குநர் நீல். அவர் குரலே கம்மியிருந்தது. மேலே விளக்குப் பலகையிலிருந்து யாரோ கைதட்டினார்கள். மேக்கப் பெண் டிஷ்யூவோடு ஓடிவந்தாள். டேன் மூக்கைச் சிந்தி, அதை அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தான்.

காமிராவை ஒட்டிப் போட்டிருந்த மரப்பெட்டியில் வெண்டல் கிராட்ஸ் உட்கார்ந்திருந்தார். அவரும் அழுதுகொண்டிருந்தார். அவருக்கு டிஷ்யூ வரவில்லை. சட்டைக் கையால் துடைத்துக்கொண்டார்.

எடுத்தது டேனின் குளோசப். அதில் வெண்டல் தெரியமாட்டார். எதிரே உட்கார்ந்து வசனம் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். பல பேர் அப்போது முணுமுணுப்பார்கள். செய்தித்தாள் பார்த்துக்கொண்டே சொல்கிறவர்களும் உண்டு. வெண்டல் அப்படியில்லை. ஒவ்வொரு டேக்கிலும் முழுசாகக் கொடுப்பார். கொடுத்தால்தானே எதிரில் இருப்பவன் முகத்தில் ஏதாவது வரும்? காலையிலிருந்து ஒன்பது முறை கொடுத்திருந்தார். தொண்டை வறண்டிருந்தது.

"பின்னிட்டே டேன்," என்றார் நீல்.

"எனக்கே தெரியல சார். எங்கேருந்தோ வந்துச்சு," என்றான் டேன்.

வெண்டல் தண்ணீர் குடிக்கப் போனார்.

அவருக்கு அறுபத்தொன்பது வயது. டெலிவிஷன் கறுப்புவெள்ளையாக இருந்த நாளிலிருந்து இந்தத் தொழிலில் இருக்கிறார். ஷெரீப், சிறை வார்டன், லஞ்சம் வாங்கும் நீதிபதி, கதாநாயகியின் அப்பா, நொண்டிக்குதிரையை நல்ல குதிரை என்று விற்பவன். விமான நிலையங்களில் ஆட்கள் அவரை நிறுத்துவார்கள். "நீங்க… அந்த…" என்று விரலை ஆட்டுவார்கள். பெயர் வராது. ஒருமுறை பர்பாங்க்கில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில், முட்டை எடுத்துக்கொண்டிருந்த ஒரு அம்மாள் அவரைப் பிடித்துக்கொண்டாள். "எங்க அண்ணன் வீட்ட ஜப்தி பண்ணின ஆள்தானே நீ?" என்று கத்தினாள். இல்லை, அது ஒரு படம் என்று அவர் சொன்னார். "படமோ என்னமோ, நீ பண்ணினதுதானே," என்றாள் அவள்.

ஊருக்குள் அவர் பெயரோடு சேர்ந்தே இன்னொரு வார்த்தை வரும். தொந்தரவில்லாத மனுஷன். ஏஜென்ட் அவரை விற்றதே அதைச் சொல்லித்தான். நேரத்துக்கு வருவார். வசனம் மறக்கமாட்டார். கேரவன் சின்னதாக இருந்தாலும் கேட்கமாட்டார். அதைக் கேட்டு அவர் பெருமைப்பட்ட காலமும் உண்டு.

விமர்சனம் எழுதுகிறவர்கள் அவர் கண்களைப் பற்றி எழுதுவார்கள். கிளம்பிப் போய்விட்ட ஒருவரைப் பார்ப்பது போன்ற கண்கள் என்று ஒருவர் எழுதியிருந்தார். வெண்டலின் மனைவி இர்மா அதைப் படித்துவிட்டுச் சிரித்தாள். கல்யாணமான புதிதில் அவரோடு தியேட்டருக்குப் போனால் அவர் குளோசப் வரும்போதெல்லாம் அவள் காதோடு கேட்பாள். "அப்ப உனக்கு எதிர்ல யாரு இருந்தா?"

"யாரும் இல்ல."

கொஞ்ச காலத்தில் கேட்பதை விட்டுவிட்டாள்.

யாரும் இல்லாததுதான் வழக்கம். பெரிய நடிகனின் குளோசப்பை முதலில் எடுப்பார்கள். அவன் முகம் வாடுவதற்குள் எடுத்துவிட வேண்டும். பிறகு காமிராவைத் திருப்புவார்கள், விளக்குகளை மாற்றுவார்கள். ஒரு மணி நேரம் ஆகும். அதற்குள் அவன் கால்ஷீட் முடிந்திருக்கும். வெண்டல் வந்து உட்காரும்போது லென்ஸுக்கு இடப்பக்கம் ஒரு இரும்பு ஸ்டாண்டு நிற்கும். அதில் பச்சை டேப்பைப் பெருக்கல் குறி மாதிரி ஒட்டியிருப்பார்கள். அதுதான் கதாநாயகன். அதைப் பார்த்துத்தான் அவர் மிரட்டியிருக்கிறார், கெஞ்சியிருக்கிறார், துப்பாக்கி நீட்டியிருக்கிறார். பெண்ணைக் கட்டிக்கொடுத்திருக்கிறார்.

இந்தப் படத்தில் அவர் டேனுக்கு அப்பா. வீட்டைவிட்டு ஓடிப்போன மகன், தலை நரைத்தபின் திரும்பி வருகிறான். சமையலறையில் உட்காருகிறான். அப்பா பேசுகிறார். மூன்று பக்கம். வெண்டலுக்கு யாரும் மூன்று பக்கம் கொடுத்ததில்லை. வேறொருவருக்குப் போன வேஷம். அந்த ஆள் இடுப்பெலும்பை முறித்துக்கொண்டதால் இவருக்கு வந்தது. ஒரு மாதமாக வான் நைஸில் இருந்த தன் வீட்டில் காலைச் சாப்பாட்டு மேஜையில் இர்மாவை உட்காரவைத்துப் படித்தார். அவள் பாதியில் எழுந்துபோய் அடுப்பை அணைக்கிற மாதிரி நின்றுகொண்டாள். அடுப்பு எரியவில்லை.

பேச்சு இப்படித் தொடங்கும். "என்னப் பாருடா. தரையில என்ன இருக்கு? நான் இங்க இருக்கேன்."

தண்ணீர் குடித்து, முகம் ஒற்றி, வேஷத்துக்கான சட்டையை மாட்டிக்கொண்டு அவர் திரும்பி வந்தபோது காமிரா இந்தப் பக்கம் திரும்பியிருந்தது. மரப்பெட்டியில் மேரியன் உட்கார்ந்திருந்தாள். ஷாட்டுக்கு ஷாட் கன்டின்யூட்டி மாறாமல் பார்ப்பவள். பழைய சினேகிதி. மடியில் ஸ்கிரிப்ட், வாயில் சூயிங்கம். அவளுக்குப் பக்கத்தில் இரும்பு ஸ்டாண்டு. பச்சை டேப்.

"டேன் எங்க?"

"கேரவனுக்குப் போயிட்டான் கண்ணு. கால்ஷீட் ஓவர். நான் படிக்கிறேன், வா."

மேரியன் வசனம் படித்தால் ரயில் நிலையத்தில் நடைமேடை எண் சொல்கிற மாதிரி இருக்கும். அவளுக்கே தெரியும். வருத்தப்படமாட்டாள்.

வெண்டல் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தார். எதிரே டேப். லைட்மேன் வெளிச்சம் அளக்கும் மீட்டரை அவர் கன்னத்தருகில் நீட்டிப் பார்த்துவிட்டுப் போனான். சவுண்டு ஓடியது. கிளாப் அடித்தார்கள்.

"ஆக்‌ஷன்," என்றார் நீல்.

வெண்டல் டேப்பைப் பார்த்தார்.

"என்னப் பாருடா," என்றார்.

டேப்பின் ஒரு முனை சரியாக ஒட்டாமல் ஏர்கண்டிஷன் காற்றில் ஆடியது.

அவர் வாயை மூடிக்கொண்டார். எல்லாரும் காத்திருந்தார்கள். அழுத்தமான இடைவெளி என்று நினைத்திருப்பார்கள். வெண்டல் எழுந்தார். மேஜையைச் சுற்றி வந்தார். டேப்பைப் பிய்த்தார். உருட்டிக் காற்சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"கட்," என்றார் நீல். "என்ன ஆச்சு வெண்டல்?"

"டேனக் கூப்பிடுங்க."

"என்ன?"

"அவனுக்காக நான் காலையிலேருந்து இந்தப் பெட்டி மேல குந்தியிருந்தேன். எனக்காக அவன் வந்து குந்தட்டும்."

யாரோ சிரித்தார்கள். வெண்டல் கிராட்ஸ் கிண்டல் பண்ணுகிறார் என்று நினைத்துவிட்டார்கள். உதவி இயக்குநர் ரஸ் மட்டும் சிரிக்கவில்லை. கடிகாரம் பார்ப்பதுதான் அவன் வேலை.

"பெரியவரே, வழக்கமா பண்றதுதானே. இன்னிக்கு மட்டும் என்ன?"

"வழக்கமா பண்றேன்ல, அதான்."

"நாளைக்குக் காலையில இந்த செட்டயே பிரிக்கிறாங்க. தெரியும்ல?"

"தெரியும். கூப்பிடு."

நீல் வந்து அவர் தோளில் கைபோட்டார். முப்பத்திரண்டு வயது. இதற்கு முன் ஒரே ஒரு படம் எடுத்திருக்கிறார். நல்ல பையன்தான். வெண்டலைத் தள்ளிக்கொண்டே குளிர்சாதனப் பெட்டியின் பின்பக்கம் போனார். அந்தப் பெட்டிக்குப் பின்பக்கம் கிடையாது. வெறும் பலகை.

"சார், நான் உங்க ரசிகன். சின்ன வயசுலேருந்து பாக்கறேன். உங்களுக்கு யாரும் எதிர்ல வேணாம் சார். நீங்க அந்த மாதிரி நடிகர் இல்ல."

"நான் எந்த மாதிரி நடிகன்?"

"எந்தத் தொந்தரவும்…"

நீல் அங்கேயே நிறுத்திக்கொண்டார். ஆனால் வெண்டலுக்குக் கேட்டுவிட்டது. காதுமடல் சுட்டது.

"அவன நான் கூப்பிட முடியாது சார்," என்றார் நீல். "கூப்பிட்டா வரமாட்டான். வரலேன்னா, நாளையிலேருந்து இந்த செட்ல என் பேச்ச ஒருத்தனும் கேக்கமாட்டான். புரிஞ்சுக்கங்க."

"அப்ப நானே கூப்பிடறேன்."

"ஒரு மணி நேரம்தான் இருக்கு. உங்க குளோசப் இல்லேன்னாலும் சீன் நிக்கும் சார். நான் மிரட்டறேன்னு நினைக்காதீங்க. டேன் முகத்து மேலயே உங்க குரல ஓட்டிடலாம். மூணு பக்கமும். அவன் பண்ணினது அவ்வளவு நல்லா வந்திருக்கு."

வெண்டல் அவரையே பார்த்தார். அந்தப் பையன் மிரட்டவில்லை. உண்மையைத்தான் சொன்னான். அதுதான் பற்றிக்கொண்டு வந்தது. மூன்று பக்கமும் தன் குரல், டேன் முகம். தன் அழுகை, அவன் கண்ணில். தியேட்டரில் இர்மா உட்கார்ந்திருப்பாள். தன் புருஷன் அந்த அறையில் இருந்தானா என்றுகூட அவளுக்குத் தெரியாது.

"ஒரு மணி நேரம்னுதானே சொன்னே," என்றார். செட்டைவிட்டு வெளியே நடந்தார்.

வெளியே வெயில் கண்ணில் அடித்தது. டேனின் கேரவன் படப்பிடிப்பு நடந்த ஸ்டேஜின் வாசலிலேயே நின்றது. இன்னொரு படத்தின் துணைநடிகைகள் மூன்று பேர் கன்னியாஸ்திரி உடையில் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி அவரைப் பார்த்து விரலை ஆட்டினாள். "நீங்க… அந்த…"

"ஆமா, நான்தான்," என்று சொல்லிவிட்டு கேரவன் கதவை உள்ளங்கையால் அறைந்தார்.

டேன் கதவைத் திறந்தான். குளித்திருந்தான். கழுத்தில் துண்டு. அவனுக்குப் பின்னால் சுவரோரம் கோல்ஃப் பை தயாராகச் சாய்ந்திருந்தது.

"என்ன பெரிசு? வீடு பத்திக்கிச்சா?"

"என் குளோசப் எடுக்கறாங்க."

"சந்தோஷம். நல்லா பண்ணு."

"வந்து உக்காரு."

டேன் துண்டால் காதைத் துடைத்தான். "மேரியன் படிப்பா."

"மேரியன் என் புள்ள இல்ல."

"நானும்தான் இல்ல." சிரித்தான். வெண்டல் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினான். "ஏய், நிஜமாவா கேக்கறே? அஞ்சு மணிக்கு எனக்கு ஆட்டம். ரெண்டு பேர் அங்க வெயில்ல நிக்கறாங்க."

"நிக்கட்டும். நான் நின்னிருக்கேன்."

"எப்ப?"

"உன் முதல் வேஷம். அந்த போலீஸ் தொடர். உனக்கு மூணு வரி. என் வேல மத்தியானமே முடிஞ்சு போச்சு. மழை. நீ வெடவெடன்னு நடுங்கிட்டு நின்னே. வசனம் எதுவும் வாயில வரல. குடை பிடிச்சா வெளிச்சம் மறைக்குதுன்னாங்க. குடையத் தூக்கிப் போட்டுட்டு இருட்டற வரைக்கும் உன் எதிர்ல நின்னேன். அந்த மூணு வரியப் பாத்துத்தான் உனக்கு அடுத்த படம் வந்துச்சு."

"நான் கேட்டேனா?"

வெண்டல் படியிலிருந்து ஓரடி பின்வாங்கினார்.

"சொல்லு பெரிசு. நில்லுன்னு நான் கேட்டேனா? நீயா நின்னே. நீயா குடையத் தூக்கிப் போட்டே. இப்ப வந்து வட்டி கேக்கறே." டேன் படியில் ஒரு காலை வைத்தான். அவனுக்கும் சூடு ஏறிவிட்டது. "அஞ்சு படம் சேந்து பண்ணிருக்கோம். அஞ்சுலயும் நான் எழுந்து போனேன். ஒரு நாளாச்சும் வாயத் தொறந்தியா? போகாதடான்னு ஒரு வார்த்த? சிரிச்சுக்கிட்டே கையக் குலுக்கி அனுப்பி வெச்சே. எனக்கு என்ன ஜோசியமா தெரியும்?"

"இன்னிக்குத் தொறந்துட்டேன்."

"லேட்டு."

கன்னியாஸ்திரிகள் இந்தப் பக்கம் திரும்பிவிட்டார்கள். டேனின் டிரைவர் காரைத் துடைப்பதை நிறுத்திவிட்டுத் துணியோடு நின்றான்.

"கொஞ்ச முன்னாடி அழுதியே," என்றார் வெண்டல். குரலை உயர்த்தவில்லை. நீதிபதி வேஷங்களில் அவர் பயன்படுத்திய குரல் அது. ஆனால் இப்போது அது வேஷமில்லை. "எங்கேருந்தோ வந்துச்சுன்னியே. எங்கேருந்து வந்துச்சுன்னு நான் சொல்லட்டுமா? நான் அழுதேன், உனக்கு ஒட்டிக்கிச்சு. நான் பெட்டி மேல உக்காந்து ஸ்கிரிப்ட முணுமுணுத்திருந்தா நீ வெங்காயம் கேட்டிருப்பே. முப்பது வருஷமா உனக்கு நடிக்கத் தெரியும்னு நீ நெனச்சிட்டு இருக்கே. உன் எதிர்ல யாரு உக்காந்திருந்தாங்கன்னு ஒரு தடவையாவது யோசிச்சியா?"

டேனின் முகம் வெளுத்தது. பிறகு சிவந்தது. வெண்டல் அதைக் கவனித்தார். இதெல்லாம் காமிராவில் வந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்றுகூட ஒரு நினைப்பு ஓடியது. அந்த நினைப்பின்மேலும் கோபம் வந்தது.

"சரி," என்றான் டேன். துண்டை உள்ளே எறிந்தான். "வா. என்னைப் பாத்து நீ என்ன கிழிக்கறேன்னு நானும் பாக்கறேன். காலையில போட்ட அதே சட்டையப் போட்டுக்கிட்டே வரேன். உனக்கு எந்தக் குறையும் இருக்கக் கூடாது பாரு."

அவன் பெட்டிமேல் உட்கார வந்தான். மேரியன் எழுந்து இடம்விட்டாள். போகிறபோது வெண்டலின் காதருகில் குனிந்தாள். "இந்த ஊர்ல இத நான் பாப்பேன்னு நெனைக்கல கண்ணு," என்றாள். ஸ்டாண்டை யாரோ தள்ளிக்கொண்டு போனார்கள்.

நீல் காமிராவின் பக்கம் திரும்பினார். "டேக் டூ," என்றார்.

டேன் முன்னால் குனிந்தான். முழங்கைகளை முழங்காலில் ஊன்றினான். காலையில் மகனாக உட்கார்ந்திருந்த அதே விதம். வசனப்படி முதலில் தலை குனிந்து தரையைப் பார்த்தான்.

"என்னப் பாருடா," என்றார் வெண்டல். "தரையில என்ன இருக்கு? நான் இங்க இருக்கேன்."

டேன் நிமிர்ந்தான். பார்த்தான்.

வெண்டல் தொடர்ந்தார். வசனத்தின் முதல் பக்கத்தில் பாதி தாண்டினார். ஆட்டுக்குட்டி செத்த கதை வரை வந்துவிட்டார்.

"கட். சாரி சார். ரொம்ப நல்லா போச்சு. கண்ணு மட்டும் கொஞ்சம் இடது பக்கம் விலகுது. டேனப் பாருங்க."

"அவனத்தானே பாக்கறேன்."

காமிராமேன் தலையை வெளியே நீட்டினார். இல்லை என்று தலையாட்டினார். மரியாதையாகத்தான் ஆட்டினார்.

மறுபடி எடுத்தார்கள். இந்த முறை வெண்டல் பிடிவாதமாக டேனின் முகத்தில் கண்ணை வைத்தார். அங்கே நிறைய நடந்துகொண்டிருந்தது. இமை துடித்தது. மூக்கு விடைத்தது. மோவாயில் ஒரு பழைய தழும்பு. இத்தனை வருஷத்தில் அவர் கவனித்ததே இல்லை. ஒரு சொல் சொன்னால் அந்த முகம் மாறியது. அது மாறியதைப் பார்த்தபோது அடுத்த சொல் போய்விட்டது. நின்றுவிட்டார். வாய் திறந்திருந்தது. காமிரா ஓடுகிற மெல்லிய சத்தம் கேட்டது. நாற்பது வருஷத்தில் அவர் வசனம் மறந்ததில்லை.

"ஆட்டுக்குட்டி," என்றாள் மேரியன் இருட்டிலிருந்து. நடைமேடை குரலில்.

"தெரியும்!" என்று கத்தினார் வெண்டல். மேஜையில் குத்தினார். காபிக் கோப்பை உருண்டு விழுந்தது. அவர் கத்தி யாரும் கேட்டதில்லை. "தெரியும். எனக்குத் தெரியும். மறுபடி போங்க. நிறுத்தாதீங்க."

கோப்பையைத் துடைத்து வைத்தார்கள். ரஸ் கடிகாரத்தைப் பார்த்தான், நீலைப் பார்த்தான். நீல் ஒரு விரலைக் காட்டினார். இன்னும் ஒன்று.

டேன் கேலிசெய்யவில்லை. வெண்டல் அதை எதிர்பார்த்திருந்தார். கேலிசெய்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் பெட்டியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"ஆக்‌ஷன்."

"என்னப் பாருடா."

டேன் பார்த்தான். முதல் வரியிலேயே அவன் கண் நிறைந்தது. இப்போது அவன்மேல் காமிரா இல்லை. யாரும் கேட்காமலே கொடுத்தான், அவர் கொடுக்கிற மாதிரி. ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை.

வெண்டலுக்கு வசனம் வந்தது. எல்லாம் வந்தது. ஆட்டுக்குட்டி வந்தது, அம்மாவின் கடைசி நாள் வந்தது, வாசல் விளக்கை ஒவ்வொரு ராத்திரியும் ஏற்றிவைத்தது வந்தது. தடங்கலே இல்லை. குரல் உடைய வேண்டிய இடத்தில் உடைந்தது. நன்றாக வருகிறது என்று அவருக்கே தெரிந்தது. எதனால் நன்றாக வருகிறது என்பதும் தெரிந்தது. ஸ்டாண்டு நின்ற இடம். அங்கே இப்போது வெறும் காற்று. அதற்குப் பின்னால் செட்டின் இருட்டு. அவர் கண் அங்கே போய் உட்கார்ந்திருந்தது. இழுத்துப் பார்த்தார். வரவில்லை. காற்சட்டைப் பையில் உருட்டிவைத்த டேப்பைக் கை இறுக்கிப் பிடித்திருந்தது.

நீல் கட் சொல்லவில்லை.

டேன் மெதுவாகத் தலையைத் திருப்பி அவர் பார்க்கும் இடத்தைப் பார்த்தான். அங்கே ஒன்றுமில்லை. திரும்பினான். கன்னத்தில் ஈரம் அப்படியே இருந்தது. ஸ்கிரிப்டில் அவனுக்கு அந்த இடத்தில் வசனம் கிடையாது.

"வெண்டல்," என்றான். "நான் இங்க இருக்கேன். நீ எங்க பாக்கறே?"